பொய்லருக்குள் குணசீலன்

குணசீலன் இறந்து எட்டு மாதம் கழித்து, லண்டனில் குளிர் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, அவருடைய மனைவி இராசமலர் வீட்டைச் சூடாக்கும் ஹீற்றிங்கைப் போட்டாள்; போட்டதும் படுக்கையறை அலுமாரிக்குள் இருந்த காஸ் பொய்லர் இரண்டு தரம் செருமி, ஒரு தரம் மூக்கை உறிஞ்சி, குணசீலனின் குரலில் கதைக்கத் தொடங்கியது. இராசமலர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு "வந்திட்டியளோ" என்று கேட்டாள். பிறகு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொண்டுபோய்ப் பொய்லருக்குக் கீழே வைத்தாள்.

அதன் பிறகுதான் சுவரில் தட்டி என்னைக் கூப்பிட்டாள். நான் பக்கத்து வீடு. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பதால் தெருவில் எல்லோருக்கும் நான் ரீச்சர். போய்க் கேட்டேன். குரல் அவருடையதேதான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை, பெற்றோல் நிலையத்தில் பதினாலு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கதைத்துப் பழகிய, கொஞ்சம் மூக்கடைத்த அந்தக் குரல். ஆனால் சொற்கள் பிடிபடவில்லை, வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைக்கிறவரைப் போலக் கொழகொழவென்று வந்தன, இடையிடையே கேத்தல் கொதிக்கிற சத்தமும் ஒரு பெரிய இடியும் கேட்டன. ஏற்ற இறக்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை நான் உள்ளபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் என் கையால் எழுதிய கல்வெட்டு என் காதை அடைத்திருந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் கல்வெட்டு. முன்பக்கம் படம், அடுத்த பக்கம் பெரியவர் ஒருவரின் அனுதாபச் செய்தி, பிறகு இறந்தவரின் பெருமையைச் சொல்லும் பாட்டுகள். அந்தப் பாட்டுகளை எங்கள் பகுதியில் நான்தான் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்வதே பொய், கணினியில் ஒரே பாட்டு இருக்கிறது, பெயரை மாற்றி அனுப்பிவிடுவேன். குணசீலனுக்கு மட்டும் பெயர் வாகாக அமைந்ததால் ஒரு வரி புதிதாகப் போட்டேன்: "கோபம் அறியாக் குணசீலன், யாரையும் ஏசி அறியாத வாய்." ஐந்நூறு பிரதி. அனுதாபச் செய்தி எழுதியவர் கோயில் தலைவர் பரராசசிங்கம். அந்தத் தெருவில் நாங்கள் குடியிருக்கும் பதினேழு வீடுகளும் அவருடையவை. இன்று அந்த வரியை நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு போட வேண்டும் போலிருக்கிறது.

கோபம் அறியாதவராம். உயிரோடு இருந்த கடைசி மாரியில் அந்த மனுசன் மூன்று தரம் பரராசசிங்கத்தின் வாசலுக்குப் போய், பொய்லர் ஒருமாதிரிச் சத்தம் போடுது அண்ணை, வீட்டில நிக்க நிக்கத் தலையிடிக்குது, சத்தி வருது, வெளியில போனால் சுகம் அண்ணை என்று சொல்லி, மூன்று தரமும் "பாப்பம்" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்தவர். வாடகை வீடுகளைச் சோதிக்கிற கவுன்சிலுக்கு அறிவியுங்கோ என்று இராசமலர் கத்தினாள். "எங்கட ஆள். காகிதம் ஒண்டும் இல்லாமல் வந்து நிக்கேக்க வீடு தந்த மனுசன். வெள்ளைக்காரனிட்டைக் காட்டிக் குடுக்கிறதே?" என்றார் குணசீலன். காட்டிக் கொடுப்பது என்ற சொல் எங்கள் வீடுகளில் விழுந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. மாசியில் ஒருநாள், வேலைக்குப் போய் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஏற்கெனவே பலவீனமான இருதயம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். நாங்கள் கல்வெட்டு அடித்தோம்.

இனி, பொய்லருக்குள் குணசீலன் வந்துவிட்ட செய்தி தெருவில் பரவியது எப்படியென்றால், புதிதாகக் கலியாணம் செய்தவர்கள் வீட்டுக்குப் போவதுபோல ஆளாளுக்குப் பழமும் பிஸ்கட் பெட்டியும் கொண்டு வந்தார்கள். யாரும் பயப்படவில்லை. பெற்றோல் நிலையத்தில் கூட வேலை செய்தவர்கள் வேலை முடிந்து வந்து, புது முகாமையாளரைப் பற்றி அலுமாரிக் கதவடியில் நின்று முறைப்பட்டுவிட்டுப் போனார்கள். பஸ் ஓட்டுகிற சின்னராசா, தனக்கு இயந்திரம் தெரியும் என்ற நினைப்பில், "இது குழாய்க்குள்ள காத்து. திறந்துவிட்டால் சொல் தெளியும்" என்று சொல்லி, சின்னத் திறப்பொன்றைக் கொண்டு வந்து வீட்டில் சுடுதண்ணி ஓடுகிற ஆறு றேடியேற்றர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார், ஆறும் ஒன்றன் பின் ஒன்றாக, குணசீலனின் குரலில், "ச்சீ" என்றன. "பாத்தியளே, காத்துத்தான்" என்றார் சின்னராசா. வேறொருவர் லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது படிந்துதான் கேத்தல் சத்தம் என்று மருந்து வாங்கி ஊற்றினார். பொய்லர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு, முன்னையிலும் வேகமாகக் கதைத்தது.

இரண்டாம் கிழமை பரராசசிங்கம் வந்தார். தோளில் சால்வை, பின்னால் நாலு பேர். அலுமாரியைத் திறந்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் உள்ளே வந்ததும் பொய்லர் இடித்த இடியில் சுவர்ப்படம் ஒன்று சரிந்தது. அதை அவர் வரவேற்பாக எடுத்துக்கொண்டார். பிறகு என் கல்வெட்டைப் பையிலிருந்து எடுத்து, "ஏசி அறியாத வாய்" என்ற வரியைச் சபைக்கு வாசித்துக் காட்டி, இப்படிப்பட்ட வாய் செத்த பிறகு வேறென்னத்தைப் பேசும், இது பதிகம் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ராகம் எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறது என்றுகூடச் சொன்னேன், படித்த மூதேவி.

அன்றைக்கே பொய்லருக்குச் சந்தனம் பூசிப் பட்டுச் சால்வை கட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்குக் கூட்டுப் பிரார்த்தனை என்று முடிவானது. அதைத் திருத்த இனி ஒருவரும் தொடக்கூடாது, ஆணி ஒன்றைக்கூட அசைக்கக்கூடாது என்று பரராசசிங்கம் கட்டளையிட்டார். மூன்று தரம் வாசலுக்கு வந்து கேட்டும் திருத்தாத பொய்லரைத் திருத்தாமலே விடுவதற்கு இப்போது அவருக்குத் தெய்வ சம்மதமும் கிடைத்துவிட்டது. தெருவில் பஸ் போகிற சத்தத்தில் பதிகம் கேட்கவில்லை என்று ஆட்கள் குறைப்பட்டபோது அறை ஜன்னலை இறுக்கிப் பூட்டி, இடுக்குகளுக்கு அகலமான ஒட்டுநாடா ஒட்டியது யார் என்று கேட்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன். நான்தான். நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன்.

அடுத்த வெள்ளி அருள் இறங்கத் தொடங்கியது. முப்பது பேர் ஜன்னல் பூட்டிய அறைக்குள் பொய்லரோடு சேர்ந்து பாட, அரை மணித்தியாலத்தில் ஒருவருக்குத் தலை கிறுகிறுத்தது, இன்னொருவருக்குக் கால் துவண்டது, பூமணி அக்கா சிவந்த முகத்தோடு அப்படியே சரிந்து விழுந்தார். திருநீறு பூசி வாசலுக்குத் தூக்கி வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். வாசற்படி தாண்டினால் அருள் விலகிவிடுகிறது என்று கண்டுபிடித்தோம். எவ்வளவு நேரம் உள்ளே இருந்து தாங்குகிறோம் என்பது பக்தியின் அளவாகியது. வேறு ஊர்களிலிருந்து வான் பிடித்து ஆட்கள் வந்தார்கள். தலையிடியோடு திரும்பிப் போகிறவர்கள் திருப்தியோடு போனார்கள்.

இராசமலருக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. ஆனால் குரல் வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்குக் காலை பத்து மணிக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு மணித்தியாலம் தனியே பொய்லருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். "பதினாலு வருசமா இந்த வீட்டில கோவப்பட்டது நான் மட்டும்தான் ரீச்சர். அவருக்குமாச் சேத்து நானே கோவப்பட்டுக் களைச்சுப் போனன். இப்ப என்ன சொல்லுறார் எண்டு விளங்கினால் காணும்" என்றாள் ஒருநாள். அவளுடைய மகள் ஆரபிக்கு ஒன்பது வயது. அப்பாவின் குரல் கேட்கிற அறையில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து அந்த அறையிலேயே படுத்தாள். கார்த்திகை நடுவில் பிள்ளை காலையில் குடித்த பாலையும் சத்தியெடுக்கத் தொடங்கினாள். தலையை நிமிர்த்த முடியாமல் பள்ளிக்கூடம் போவாள், மத்தியானத்தில் தெளிந்துவிடுவாள், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் துவண்டுவிடுவாள். மூன்று தரம் இப்படி நடந்த பிறகு, இதே தலையிடி, இதே சத்தி, இதே மாதிரி வெளியே போனால் சுகம், இது அவருக்கு வந்ததுதான் என்று இராசமலருக்குப் பட்டது. கோயிலில் போய்ச் சொன்னாள். "பிள்ளையையும் தகப்பன் ஆட்கொள்ளுறார்" என்றார் பரராசசிங்கம்.

ஆட்கொள்ளுகிறாராம். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கண்ணீர், பக்திக் கண்ணீர். கோபம் வந்தது இராசமலருக்கு. வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பொய்லர் அறைக்கு வருகிற நிரோஜினி என்ற தமிழ்ப் பெண்ணை, காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவளை, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. அறை நிறைய நாங்கள்.

நிரோஜினிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தடித்த சப்பாத்து, தோளில் கருவிப் பை. அறை வாசலில் கால் வைத்ததும் அவளுடைய இடுப்பில் கிடந்த சின்னப் பெட்டி கூவத் தொடங்கியது. அவள் பெட்டியையும் பார்த்து எங்களையும் பார்த்தாள்.

"எல்லாரும் வெளியில போங்கோ. இப்பவே."

"பிள்ளை, பூசை நடக்குது" என்றார் சின்னராசா.

"ஓம், தெரியுது. உங்கட செத்தவீட்டுப் பூசையையும் இதோடையே முடிக்கப் போறியளோ? எழும்புங்கோ."

அப்படி ஒருவரும் எங்களோடு பேசியதில்லை. எழும்பினோம். இராசமலர் ஆரபியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய் வெளி மதிலில் இருத்தினாள். நிரோஜினி ஜன்னலடிக்குப் போய் நான் ஒட்டிய நாடாவை ஒரே இழுவையில் கிழித்து இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. வந்ததும் பொய்லருக்குள் இருந்த தண்ணீர்க் குரல் தெளிந்தது, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுப் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லும் உருட்டி வைத்ததுபோல வந்தது.

"அறிவு கெட்டதுகள். நாப்பது நாளாச் சொல்லுறன், ஜன்னலைத் திறவுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ எண்டு. பாட்டே பாடுறியள்?"

முப்பது பேரும் அறை வாசலிலேயே நின்றோம். நிரோஜினி நீட்டுத் திருப்புளியின் முனையைப் பொய்லரின் தகட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக நாலு இடம் கேட்டாள். பிறகு சால்வையை அவிழ்த்துப் போட்டாள், சந்தனத்தைத் துடைத்தாள், கண்ணாடித் துளையால் உள்ளே பார்த்தாள். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிந்தது. மேலே போகிற புகைக்குழாயைத் தொட்டதும் அது மூட்டில் ஆடியது.

"ரீச்சர், இந்த மனுசன் ஏசுற ஆளோ?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஒருநாளும் ஏசினதில்லை."

"இது ஏச்சு."

ஏச்சுத்தான். நின்று கேட்டோம். அவர் ஒருவரையும் விடவில்லை. "சின்னராசா, பஸ் ஓட்டுறவனுக்குப் பொய்லரில என்ன வேலை? ஆறு தரம் ச்சீ எண்டனே, உறைக்கேல்லையே? பூமணி அக்கா, மயங்கி விழுந்தால் டொக்டரிட்டைப் போறதோ, திரும்பவும் உள்ளுக்கு வாறதோ? ரீச்சர், நாடா ஒட்டின கையை எனக்குத் தெரியும். என்ர பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் குடுத்த கையால அவளின்ர மூச்சை அடைச்சியே. நான் கோவம் அறியாதவனெண்டு உனக்கு ஆர் சொன்னது? கேட்டு எழுதினனியோ?" கடைசியில் குரல் கொஞ்சம் தணிந்து, "நானும் ஒரு மடையன். எங்கட ஆள், எங்கட ஆள் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு செத்தனான். மலர், நீ சொன்னதைக் கேட்டிருக்க வேணும்" என்றது. ஜன்னலுக்கு வெளியே, மதிலடியில், இராசமலர் பிள்ளையின் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

நிரோஜினி அவளிடம் ஜன்னலால் சொன்னாள். "அக்கா, நச்சுக் காத்து. மணமில்லை, நிறமில்லை, இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். நான் இதை நிப்பாட்டத்தான் வேணும், விட்டிட்டுப் போகேலாது. ஆனால் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அந்தக் குழாய் மூட்டு விட்ட ஓட்டையாலதான் நஞ்சு வருது. இவர் கதைக்கிறதும் அந்த ஓட்டையாலதான். நிப்பாட்டினாலும் இவர் இல்லை. திருத்தினாலும் இல்லை. புதுசு பூட்டினாலும் இல்லை."

இராசமலர் ஆரபியின் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். அதற்குள் பரராசசிங்கம் வந்து சேர்ந்தார், யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். சால்வை தரையில் கிடப்பதைக் கண்டதும் அவருக்கு முகம் கறுத்தது.

"ஆரைக் கேட்டு இதைத் தொட்டனீ? வருசா வருசம் சோதிச்சு சேர்ட்டிபிக்கேற் எடுக்கிற பொய்லர் இது" என்று மடித்து வைத்திருந்த கடுதாசியை நீட்டினார்.

நிரோஜினி வாசித்தாள். "பங்குனியில ஆரோ திறந்து பாத்ததெண்டு போட்டிருக்கு. இந்த ஆணித் தலையில இருக்கிற தூசைப் பாருங்கோ ஐயா. இதை ஏழெட்டு வருசமா ஒருத்தரும் திறக்கேல்லை."

"பரா" என்றது பொய்லர். தெருவில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மூண்டு தரம் வந்தனான். வாசல் மிதியடியில நிக்க வைச்சுக் கதைச்சாய். பாப்பம் எண்டாய். என்னத்தைப் பாத்தனி?"

பரராசசிங்கம் பொய்லரைப் பார்க்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார். "இராசமலர், இது தெய்வம் வந்த இடம். இதை நிப்பாட்டினால் நீயும் பிள்ளையும் இந்த வீட்டில இருக்கிறதை நான் யோசிக்க வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லு. உன்ர புருசன். நிப்பாட்டினால் திரும்பி வராது."

இராசமலர் ஆரபியைப் பூமணி அக்காவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நாங்கள் வழிவிட்டோம். பொய்லருக்குக் கீழே அன்றைய தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அதைக் காலால் தட்டிவிடாமல் எடுத்து ஓரமாக வைத்தாள். காஸ் குழாயின் பிடி எது என்று நிரோஜினி விரலால் காட்டினாள். இராசமலர் அதில் கையை வைத்தபடி நின்றாள். பதினாலு வருடம் அவர் ஒருநாள் கோபப்பட மாட்டாரா என்று பார்த்திருந்தவள், இப்போது அவர் கோபத்தின் உச்சத்தில் நிற்க, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கண்ணை மூடாமல், சிரிப்பும் அழுகையும் இல்லாத முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"உன்ர வீட்டு மதிலுக்கு மாபிள் பதிச்ச நீ" என்று பொய்லர் சொல்லிக்கொண்டிருந்தது, "கோயில் கோபுரத்தில உன்ர பேரை வெட்டுவிச்ச நீ, என்ர பிள்ளை படுக்கிற அறையில..."

வெளியே ஆரபி இருமினாள். இராசமலர் பிடியைத் திருப்பினாள்.

நெருப்பு அணைந்தது. குழாய்களுக்குள் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகியதை நான் முன்பு கேட்டதில்லை. பரராசசிங்கம் சால்வையை எடுக்கக் குனிந்தார்.

இராசமலர் இரண்டு தரம் செருமினாள். ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள், அவள் ஒருநாளும் மூக்கை உறிஞ்சுகிறவள் அல்ல. பிறகு, அவர் விட்ட இடத்திலிருந்து, அதே ஏற்ற இறக்கத்தில், "அறையில நஞ்சை விட்டிட்டு எனக்கு அனுதாபச் செய்தி எழுதினியோடா" என்று தொடங்கினாள்.

ஐம்பது நிமிடம் ஏசினாள். வாசலில் தொடங்கி, பரராசசிங்கத்துக்குப் பின்னாலேயே தெருவழியே நடந்துபோய், பதினேழு வீட்டுக் கதவுகளும் திறந்திருக்க, அவருடைய கார்க் கதவு சாத்தும் வரைக்கும் ஏசினாள். பாதிக் குரல் அவளுடையது, பாதி குணசீலனுடையது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை பதினேழு வீட்டிலிருந்தும் கவுன்சிலுக்குக் கடிதம் போனது. எல்லாவற்றையும் நானே எழுதினேன், ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டு, ஒவ்வொன்றையும் புதிதாக எழுதினேன். நிரோஜினி இன்னும் நாலு வீடுகளில் பொய்லரை நிறுத்தி எச்சரிக்கைத் துண்டு ஒட்டினாள். கவுன்சில் உத்தரவில் புதுப் பொய்லர் தையில் வந்தது, வீட்டை விட்டு எழுப்புகிற பேச்சும் அதோடு நின்றது. அது ஒரு சத்தமும் போடுவதில்லை. ஆரபி இப்போது காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

மாசியில் குணசீலனின் ஆண்டுத்திவசம். இன்னொரு கல்வெட்டு அடிக்க வேண்டும் என்றாள் இராசமலர். பழைய பாட்டை அழித்துவிட்டு, அன்றைக்குக் கேட்டதைக் கேட்டபடியே எழுதினேன்; அனுதாபச் செய்தி இருந்த பக்கத்தில் பரராசசிங்கத்துக்கு விழுந்த ஏச்சு முழுவதையும் போட்டேன், சின்னராசாவுக்கு விழுந்ததையும், பூமணி அக்காவுக்கு விழுந்ததையும், அவர் தன்னைத்தானே ஏசியதையும் போட்டேன். முதல் வரியாக "நன்றாக ஏசுவார்" என்று எழுதினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இராசமலர் கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாக வாசித்தாள். பிறகு பேனையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஒரு ஆளுக்கு விழுந்ததை விட்டுப்போட்டியள் ரீச்சர்."

அவள் வீட்டு மேசையிலேயே இருந்து, அவள் பார்த்திருக்க, நாடா ஒட்டின கை என்று தொடங்கி எழுதினேன்.